ஜன்னல் கட்டிலை விட்டவர்

"நாளைக்குக் காலையில எங்க வீட்டுக்காரரோட காலை வெட்டி எடுக்கப் போறாங்க, டாக்டர்," என்றாள் புஷ்பவள்ளி.

குளுவாங் ஊரில் தோல்நோய் பார்க்கும் கிருபானந்தன் பேனாவை மூடினார். அவருடைய தாதி லோஷினி நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டாள்.

அவள் கணவர் வேலு, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பழைய கூட்டாளிகளோடு பெக்கோக் ஸ்டேஷனைப் பார்க்கப் போயிருந்தார். துருப்பிடித்த இரும்பு முழங்காலுக்குக் கீழே கீறியது. கீறல் கொப்புளமாகி, ஊதா விளிம்போடு குழிந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. மருத்துவமனையின் பெரிய அறுவை நிபுணர் டத்தோ டாக்டர் தேவானந்தன் மூன்று முறை வெட்டிச் சுத்தம் செய்தார். மூன்று முறையும் புண் பெருத்தது. டத்தோ என்ற அரச விருது போக, அவருடைய மற்றப் பட்டங்களுக்குப் பெயர் அட்டையின் ஒரு பக்கம் போதாது.

"தண்டவாள மண்ணுல உள்ள கிருமிதான்!" என்றாள் லோஷினி.

"சோதனையில கிருமி வளர்ந்துச்சா?" என்று புஷ்பவள்ளியைக் கேட்டார் கிருபானந்தன்.

"மூணு தடவையும் இல்லையாம். ரொம்பத் தந்திரமான கிருமின்னு டத்தோ சொல்றாரு. இப்ப கையிலயும் புண்ணு, டிரிப் குத்துன இடத்துல."

கிருபானந்தன் எழுந்து வெள்ளைக் கோட்டை மாட்டினார்.

மருத்துவமனையில் வேலு கழிவறையை ஒட்டிய மூலைக் கட்டிலில் படுத்திருந்தார். காய்ச்சலிலும் பேச்சு குறையவில்லை.

"அப்பல்லாம் பெக்கோக்குல வண்டி நின்னா, டிரைவர் இறங்கி என் கோப்பிய பாதி குடிச்சிட்டுத்தான் போவாரு லா. அந்த டீசல் வாடை இருக்கே... இப்ப வர்ற மின்சார வண்டிக்கு ஒரு வாசமும் இல்ல."

"ஜன்னல் கட்டில்தான் கொடுத்தாங்க. தண்டவாளம் நல்லா தெரியும். இவருதான் அடம்புடிச்சு இங்க மாறிக்கிட்டாரு," என்றாள் புஷ்பவள்ளி.

அப்போது பரிவாரத்தோடு டத்தோ வந்தார். "இன்னொரு அபிப்பிராயமா? தாராளமா. கத்தி மட்டும் காத்திருக்காது."

"ஒரே ஒரு கேள்வி, டத்தோ. ரயில்னா உயிரை விடுற மனுசன், ஜன்னலை விட்டுட்டு ஏன் கழிவறைப் பக்கம் வர்றாரு?" கிருபானந்தன் குனிந்தார். "வேலு, எத்தனை நாளா வயித்தால போகுது?"

வேலு கூரையைப் பார்த்தார். "அஞ்சு மாசம். ரத்தமும்தான்."

"ஏன்யா சொல்லல?" என்று அலறினாள் மனைவி.

"அலமாக்! டத்தோகிட்ட போயி பீ கதையா பேசுறது?"

லோஷினி சிரிப்பை இருமலாக்கினாள்.

"கீறின இடம், வெட்டின இடம், ஊசி குத்தின இடம்," என்றார் கிருபானந்தன். "எங்க தோலைத் தொட்டீங்களோ அங்கெல்லாம் புண்ணு. டிரிப் ஊசியில தண்டவாள மண் ஏது? குடல் அழற்சி உள்ளவங்களுக்கு அபூர்வமா வர்ற நோய் இது, பயோடர்மா கேங்ரினோசம். உடம்போட காவல்படையே தோலைத் தாக்குது. வெட்ட வெட்ட வளரும். காலை எடுத்தா, எடுத்த இடத்துலயும் வரும். கத்தியை நிறுத்திட்டு ஸ்டீராய்டு கொடுங்க, குடலையும் பாருங்க."

டத்தோ நோயாளிக் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டினார்.

"நானும் இதைத்தான் யோசிச்சிக்கிட்டிருந்தேன்," என்றார் டத்தோ.

மறுநாள் அறுவை அறைக்கு வேலு போகவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. புண்ணின் விளிம்பு நகர்வதை நிறுத்தியது. டத்தோ இந்த அபூர்வ நோயைப் பற்றி ஒரு மாநாட்டில் உரையாற்ற ஒப்புக்கொண்டார்.

புஷ்பவள்ளி கடைத்தெருவுக்குப் போய், பேரம் பேசாமல், வேலுவின் அளவான எட்டாம் நம்பரில் ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தாள்.