வெள்ளி தோன்றும் நாள்

ஆடிப் பதினெட்டாம் நாள் அந்திப் பொழுதில், இரு கரையும் நிரம்பி நுங்கும் நுரையுமாய்ப் புரண்டு வந்த வெள்ளாறு, நெடுங்கரைக் கோட்டைப் படித்துறையில் ஏழு படிகளை விழுங்கிவிட்டிருந்தது. காதோலையும் கருகமணியும் ஆற்றில் விட்டுக் கும்மியடித்த பெண்களின் பாட்டொலி மதிலில் மோதித் திரும்பியது. வாசகர்களே, அந்த ஆரவாரத்தை விட்டுச் சற்று விலகி, நீர் தொடும் படியில் ஒரு மூங்கில் கூடையை மார்போடு அணைத்தபடி நிற்கும் பெண்ணைப் பாருங்கள். அவள் பெயர் விடங்கி. அரண்மனைக் கணிமாடத்தில் வானத்தைப் பார்த்து ஓலை எழுதுகிறவள்.

சிதைந்த ஓலைகளைப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றோடு விடுவது அந்நாட்டு வழக்கம். கூடையில் இருந்தவையோ சிதைந்தவை அல்ல. பஞ்சாங்கம் ஒரு நாளைச் சொல்ல, கோள் வேறொரு நாளில் தோன்றியபோதெல்லாம் அந்த வேற்றுமையை அவளுடைய பாட்டனாரும் தந்தையும் அவளும் அறுபத்திரண்டு ஆண்டுகளாகக் குறித்து வைத்த ஏடுகள். "முன்னோர் கணக்குப் பிழைக்காது, இவையெல்லாம் பொய்" என்று கணிமாடத்துத் தலைமைச் சோதிடரான பெருங்கணியார் அரசரிடம் சாதித்து, அவற்றை ஆற்றில் விட ஆணையும் வாங்கிவிட்டார். பஞ்சாங்கம் பிழைத்தால் பதவியும் ஆட்டம் காணுமே, அவருக்குக் கோபம் வராதா என்ன!

படகில் நின்றவன் தத்தன் ஏனாதி. ஆற்றுக் காவற்படைத் தலைவன். விடங்கியை மணக்க இருப்பவன். அரசாணையை நிறைவேற்ற அவன் தயங்கிக் கை நீட்டினான். அவளோ கூடையைத் தராமல் படித்துறை மேடையில் வீற்றிருந்த அரசரை நோக்கித் திரும்பினாள்.

"அரசே! கதிரவன் ஒளியில் மறைந்திருக்கும் வெள்ளி, ஆடி இருபத்திரண்டாம் நாள் மாலையில் தோன்றுமென்கிறது பஞ்சாங்கம். இவ்வேடுகளைக் கொண்டு கணித்ததில், இன்றே தோன்ற வேண்டும். தோன்றினால் ஏடுகளைக் காத்தருளுங்கள்."

"தோன்றாவிட்டால்?" என்றார் அரசரின் அருகில் நின்ற பெருங்கணியார்.

"நாட்டை விட்டே போகிறேன்."

தத்தனின் முகம் வெளுத்தது. அரசர் தலையசைத்தார். கும்மி நின்றது. மேற்றிசைச் செம்மை மெல்ல மெல்லக் கருமையாயிற்று. ஒரு மேகம்கூட மறைக்கவில்லை. ஆயினும் வெள்ளி வரவில்லை.

பெருங்கணியார் வாய்விட்டுச் சிரித்தார். விடங்கி அழவில்லை, எழுத்தாணியை எடுத்தாள். 'ஆடி பதினெட்டு. இன்று வெள்ளி தோன்றுமென்று விடங்கி கணித்தாள். தோன்றவில்லை. கணக்குப் பிழை.' எழுதி முடித்து அந்த ஏட்டையும் கூடையில் வைத்தாள்.

அரசர் அதை வாங்கிப் படித்தார். பிறகு சொன்னார்:

"தன் தோல்வியைத் தானே எழுதும் கை, பிறர் பிழையைப் பொய்யாக எழுதியிராது. ஏடுகள் கணிமாடத்துக்கே திரும்பட்டும். ஆனால் பெண்ணே, சபையறிய நீ சொன்ன சொல்லை என்னாலும் மாற்ற இயலாது. வெள்ளி தோன்றும் நாளைக் குறித்துக் கொடுத்துவிட்டு, அன்றே நம் நாட்டு எல்லைக்கு அப்பாலுள்ள வடகரைக்குப் போய்விடு."

வெள்ளியும் நம் பூமியைப் போலவே கதிரவனைச் சுற்றும் ஓர் உலகமென்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அன்று யாரும் அறியார். எத்தனை தலைமுறைகள், எத்தனை தேசங்களில், தங்கள் பிழைகளை இப்படி எழுதி வைத்தார்களோ! அவர்களை நினைத்தால் நமக்கு மெய்சிலிர்க்கிறது.

மறுநாளும் வானம் வெறுமையாகவே இருந்தது. இருபதாம் நாள் அந்தியில், படித்துறைக்கு எதிரே மேற்குக் குன்றின் தோளுக்கு மேலே ஒரு சிறு புள்ளி நடுங்கியது. விடங்கி கண்டாள், ஆற்றோடு பழகிய கண்ணுடைய தத்தனும் கண்டான். சற்றுத் தள்ளி அமர்ந்திருந்த பெருங்கணியாரின் முதிய கண்களுக்கு அது எட்டவில்லை.

"சொல்லாதே!" என்று தத்தன் அவள் காதருகே கெஞ்சினான். "இன்னும் இரண்டே நாள். அவர் கணக்கே வென்றதாகிவிடும். மனம் குளிர்ந்து உனக்காக அரசரிடம் பரிந்து பேசுவார். நாம் இங்கேயே வாழலாம், விடங்கி!"

அவள் கண்கள் குளமாயின. பிறந்த ஊர், கணிமாடம், இந்தப் படித்துறை, எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு உரக்கச் சொன்னாள்:

"பெருங்கணியாரே, வெள்ளி தெரிகிறது!"

கிழவர் தடுமாறி எழுந்தார். அவள் நீட்டிய விரலின் வழியே நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ஆம் அம்மா... ஆம்! நீ இரண்டு நாள் முந்திவிட்டாய், நான் இரண்டு நாள் பிந்திவிட்டேன்" என்றார் தழுதழுத்த குரலில். "இரண்டையும் எழுது. என் பெயரோடு எழுது."

எழுதி, ஏட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு விடங்கி படகில் ஏறினாள். தத்தன் படைத்தலைமைக்கு அடையாளமான தன் ஏனாதி மோதிரத்தைக் கழற்றிக் காவல் வீரனிடம் கொடுத்தான். தானும் ஏறித் துடுப்பைப் பற்றினான்.

"வடகரையில் ஓலை கிடைக்குமா?" என்று கேட்டாள் விடங்கி.

"பனையில்லாத ஊரில் உன்னைக் குடிவைக்க மாட்டேன். இந்த ஆற்றின்மேல் ஆணை!" என்றான் தத்தன்.