அண்ணனுக்குத் தெரியாத சத்தம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறையில் இருந்தவர்கள்: மேசை முன்னால் அத்தை. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அண்ணன். நாற்காலி கிடைக்காததால் ஜன்னல் விளிம்பில் வண்டு. நிலைப்படியில் சாய்ந்தபடி, வாயில் பிரஷ்ஷோடு அப்பா. அம்மா ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயிருந்தார், அதனால் கணக்கில் இல்லை. மேசைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். அத்தையின் ஆபீஸில் இனி வேண்டாம் என்று ஒதுக்கியது.

வண்டு என்பது பட்டப்பெயர். எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே திரிவதால் அண்ணன் வைத்தது. அவளுக்கு வயது பத்து. அண்ணனுக்குப் பன்னிரண்டு. அவனுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது.

அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் கண்ணுக்கு மட்டும்தான். கார் ஓடும், பந்து குதிக்கும், எதிரி சுடுவான், எல்லாம் திரையில். கூட்டாளிகள் விளையாடும்போது அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பட்டன் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் எழுந்து வந்துவிட்டான். அப்புறம் போகவில்லை.

மற்ற விளையாட்டுகளில் வேறு தொல்லை. எல்லாரும் அவனிடம் வேண்டுமென்றே தோற்றார்கள். தொட்டுத் தொட்டு ஆடும் சதுரங்கப் பலகை ஒன்று அவனிடம் இருந்தது. அதில் மாமா ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அடடா என்பார்.

"விட்டுக்கொடுக்கிறப்போ அவங்க மூச்சு மாறுது வண்டு," என்று ஒருமுறை சொன்னான். "எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறாங்க."

அத்தைக்கு வேலை, கிடங்கில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று சொல்லும் புரோகிராம் எழுதுவது. விடுமுறை நாட்களில் உட்கார்ந்து அவர் ஒரு விளையாட்டு எழுதியிருந்தார். அதில் படமே கிடையாது. ஒரு குகை. நுழைந்ததும் அதன் கதவு பின்னால் பூட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு பூதம். அதனிடம் சிக்காமல் வழி தேடி வெளியே வர வேண்டும். பூதம் இடது காதில் கேட்டால் இடது பக்கம் நிற்கிறது. சத்தம் பெருத்தால் நெருங்குகிறது. அம்புக்குறிப் பட்டன்களை அழுத்தினால் நாம் நடப்போம்.

உலகத்தின் வேறு மூலைகளில், வேறு அறைகளில், இன்னும் சிலரும் இதையே செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அத்தைக்குத் தெரியாது. அவர்களுக்கும் அத்தையைத் தெரியாது.

அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். இன்றைக்கு விளையாடிப் பார்ப்பான். இதுவும் விட்டுக்கொடுக்கிற விளையாட்டாக இருந்தால், இனிமேல் எந்த விளையாட்டையும் யாரும் அவன் முன்னால் கொண்டுவரக் கூடாது.

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அத்தை திரையை அணைத்தார்.

"தண்ணி சொட்டுது," என்றான் அண்ணன். "நம்ம பாத்ரூம் குழாய். வாஷர் போயிருக்கு."

மாற்ற வேண்டும் என்று அப்பா பிரஷ்ஷுக்கு நடுவில் ஒப்புக்கொண்டார்.

அடுத்தது வௌவால். கம்பி ஒடிந்த குடையை யாரோ திறந்து மூடுவதாக அண்ணன் சொன்னான். அது உண்மைதான். அத்தையும் வண்டுவும் போன வாரம் படாத பாடுபட்டுப் பதிவு செய்த வௌவால் அது.

பிறகு பூதம் வந்தது. அண்ணன் முகத்தைச் சுளித்தான்.

"அப்பா வாய் கொப்பளிக்கிறார்."

அத்தை என்னவோ தட்டி, சத்தத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார்.

"இப்ப அப்பா மெதுவா வாய் கொப்பளிக்கிறார்."

அப்பா சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் குகையைவிட்டு வெளியே வந்துவிட்டான். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"அத்தை, அது என் பக்கத்துல வந்து நின்னுடுது. தொட மாட்டேங்குது. மெஷினுக்குக்கூடவா என்மேல பாவம்?"

அத்தை கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். அவர்தான் பூதத்தை அப்படி எழுதி வைத்திருந்தார்.

"சாயங்காலம் மூட்டை கட்டிடுங்க," என்று சொல்லிவிட்டு அண்ணன் சோபாவில் போய்ப் படுத்துக்கொண்டான்.

பூதத்துக்கு வேறு சத்தம் தேடி வண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். குப்பைத்தொட்டி மூடியைத் தட்டினாள். பீரோவைத் திறந்து மூடினாள். வாளியைத் தரையில் இழுத்தாள். எதுவும் தேறாது என்று அவளுக்கே தெரிந்தது. இந்த வீட்டை அண்ணன் மூலைமுடுக்கெல்லாம் காதால் அறிந்து வைத்திருந்தான். அவன் கேட்காத சத்தத்துக்கு எங்கே போவது?

சோர்ந்துபோய் முன்னறைக்கு வந்தபோது அது கேட்டது. சரளைக்கல்மேல் சாக்கு மூட்டையை இழுப்பதுபோல் ஒரு சத்தம். கடைசியில் மெல்லிய விசில். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூட்டை.

அண்ணன் தூங்கிவிட்டிருந்தான்.

வண்டு அப்படியே நின்றாள். வீட்டில் எல்லாருக்கும் கேட்கிற சத்தம். அவன் ஒருவனுக்கு மட்டும் கேட்காத சத்தம்.

மைக்கின் ஒயர் சோபாவரை எட்டவில்லை. அத்தையும் அவளும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, நின்றுபோன காரைத் தள்ளுவதுபோல் மேசையையே கம்ப்யூட்டரோடு தள்ளினார்கள். பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, இன்னும் குறைத்து, அத்தை ஹெட்போனை வண்டுவிடம் நீட்டினார். வண்டு மாட்டினாள். உடனே கழற்றிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பாவம் பாக்கிறதையும் எடுத்துடுங்க அத்தை."

முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டால் அவன் மனம் ஒடிந்துவிடாதா என்று அத்தை தயங்கினார்.

"தோக்கட்டும். அவன் என்கிட்ட சண்டையில தோத்தா அழ மாட்டான். என் முடியைத்தான் பிடிச்சு இழுப்பான்."

அத்தை ஒரு வரியை அழித்தார். ஒரே வரி.

அண்ணன் எழுந்ததும், இன்னும் ஒரு தடவை மட்டும் என்று வண்டு கெஞ்சினாள். அவன் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்தான். குழாயைத் தாண்டினான். குடையைத் தாண்டினான்.

பிறகு அவன் விரல் பட்டன்மேல் நின்றுவிட்டது.

தலை மெல்ல இடது பக்கம் திரும்பியது. வாய் லேசாகத் திறந்தது. இன்னொரு கை மேசையைவிட்டு உயர்ந்து, முன்னால் ஏதோ சுவர் இருப்பதுபோல் காற்றைத் தடவியது. வண்டு அணைந்த திரையைப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவன் இந்த அறையிலேயே இல்லை. அவன் இருந்த இடம் மிகப் பெரியது, ஆழமானது, அதற்குள் ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு நடந்தது. அவள் கைகளில் முடி சிலிர்த்தது.

"இது... யாரு?" என்றான் அண்ணன், மிக மெதுவாக.

அவன் ஓடினான். பட்டன்கள் தடதடத்தன. திடீரென்று நாற்காலியோடு பின்னால் துள்ளினான்.

பூதம் பிடித்துவிட்டது.

அத்தை கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நான் தோத்துட்டேன்," என்றான் அண்ணன். ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி சொன்னான். "இன்னொரு தடவை."

மறுபடியும் தோற்றான். மறுபடியும் தோற்றான். விளக்குப் போடும் நேரத்தில்தான் ஒருமுறை தப்பி வெளியே வந்தான். அப்போது அறையில் யாருடைய மூச்சும் மாறவில்லை.

அதற்குப் பிறகுதான் அது என்ன சத்தம் என்று கேட்டான். வண்டு சொன்னாள். தான் குறட்டையே விடுவதில்லை என்று அவன் சாதித்தான். உள்ளேயிருந்து அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. அத்தை சத்தத்தை அதன் உண்மையான வேகத்தில் ஓட்டினார். அண்ணன் இரண்டு கைகளாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கேட்டான்.

"நான் தூங்குறப்போ இவ்ளோ பெருசா இருக்கேனா," என்றான்.

பிறகு எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டு, "வா, உன் முறை," என்றான்.

அவளை உட்காரவைத்து, ஹெட்போனை அவனே மாட்டிவிட்டு, கண்ணை மூடச் சொன்னான். திரைதான் அணைந்திருக்கிறதே என்று வண்டு கேட்டாள்.

"அறையும் தெரியக் கூடாது. அப்பதான் அது வரும்."

அவள் மூடினாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு காற்று. எங்கோ மிக உயரத்திலிருந்து ஒரு துளி விழுந்தது. இருட்டுக்கு இவ்வளவு உயரமான கூரை இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஓர் அடி வைத்தாள். காலடியில் கல் ஒலித்தது. இன்னோர் அடி வைத்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் பெரிய கதவு ஒன்று மெல்ல வந்து சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.