பிள்ளைக்காம்பராவின் சூடு

பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தையும் அழவில்லை.

மதியத் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மகள் மேனுஷாவுக்குப் பாலூட்ட ஓடிவந்த சிவசக்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். மலையில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. இந்நேரம் ஐந்து தொட்டிலும் சேர்ந்து கூரையைப் பிய்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மடுல்சீமை மலைக் குளிர் பச்சைப்பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும். போன மாதம்தான் கம்பெனிக்காரர்கள் மேட்டில் ஆழக் குழாய் இறக்கி, பூமிக்கடியில் கொதித்துக் கிடக்கும் தண்ணீரின் சூட்டை மேலே எடுத்து, ஃபெக்டரியில் கொழுந்து வாட்டக் கொண்டுபோனார்கள். தோட்டத்துத் துரை மனமிரங்கி அதில் ஒரு குழாயை இந்த அறைக்குள்ளும் விடச்சொன்னார். அதில் எதையும் மாட்டாதீர்கள் என்று குழாய் போட வந்தவர்கள் சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? உத்தரத்தில் தொங்கிய சேலைத் தொட்டில்களை அவிழ்த்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா பெரியாயி குழாயிலேயே கட்டினாள். தாய்மார்களுக்கு வாயெல்லாம் பல்.

இன்று கதவைத் திறந்ததும் துருவும் புளித்த பாலும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. வெளியே படர்ந்த மூடுபனி உள்ளேயும் மெல்ல நகர்ந்தது. அதற்கு நடுவே, யாரும் ஆட்டாமலே, ஐந்து தொட்டிலும் ஒரே சீராய் ஆடிக்கொண்டிருந்தன. குழாய்க்குள் எங்கோ ஆழத்தில் டொக்... டொக் என்று ஒரு சத்தம்.

"ஆயம்மா, புள்ளைங்க சத்தத்தையே காணோம்?"

பெரியாயி சுவரைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு கையாலும் குழாயைப் பிடித்திருந்தாள்.

"தூங்குதுங்க. காலையிலருந்தே நல்ல தூக்கம்."

"குளிருதே. குழா சுடலையா?"

"கீழ சூடு தீந்துபோச்சு போலருக்கு புள்ள. இப்ப அங்கருந்து வரல." பெரியாயி திரும்பவில்லை. "இங்கருந்து போகுது."

அவள் விரல்கள் குழாயோடு ஒட்டியிருந்தன. நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

சிவசக்தி பாய்ந்து தன் தொட்டிலைப் பிரித்தாள். மேனுஷா விழித்திருந்தாள். உடம்பு ஆற்றுக்கல் மாதிரி சில்லிட்டிருந்தது. ஆனால் மூச்சு இருந்தது. சாமி, மூச்சு இருந்தது.

"தூக்காத!" பெரியாயி கத்தினாள். "தூக்கினா விடாது!"

அதற்குள் தூக்கிவிட்டாள்.

மார்போடு அணைத்தாள். விரல்கள் மரத்தன. பிறகு மணிக்கட்டு. முழங்கை. குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தாள்.

டொக். டொக்.

குழாயில் இப்போது சத்தமே இல்லை.

கீழே வைத்துவிடலாம். ஓடிவிடலாம். கால்கள் இன்னும் அவள் சொன்னபடி கேட்டன. மேனுஷாவின் கன்னத்தில் துளி சிவப்பு ஏறியிருந்தது. சின்ன வாய் திறந்து அவள் மார்பைத் தேடியது. என் பிள்ளை. என் பிள்ளைக்குப் பசி.

சிவசக்தி தரையில் உட்கார்ந்தாள். உணர்வற்ற விரல்களால் சட்டைக் கொக்கியைக் கழற்றினாள்.

குழந்தை கவ்வியது.

குளிர் விலா எலும்புக்குள் இறங்கியது. இன்னும் உள்ளே. அவள் விடவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

சுற்றிலும் தொட்டில்கள் நின்றன. சேலை மடிப்புகள் விலகின. நான்கு தொட்டிலிலிருந்தும் சின்னச்சின்னக் கைகள் அவளை நோக்கி நீண்டன.