ரப்பர் சாமான்

பதினொன்று நாற்பதுக்கு, நடுக்கடலில் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த நானூறு மூச்சுப்பொறிகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. தூத்துக்குடி சுங்க அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

போன கொள்ளைநோயில் பெரிய நாடுகள் ஒரு பொறிகூடத் தராமல் நம்மைச் சாகவிட்டன. இப்போது மறுபடி கொள்ளைநோய்; பொறி செய்பவர்கள் நாம், ஏற்றுமதிக்குத் தடையும் போட்டாயிற்று. எல்லை தாண்டினால் செயற்கைக்கோள் கண்டுபிடித்து அணைத்துவிடும் 'எல்லைப்பூட்டு' நம்முடையது. அதைத் திறக்கப் பத்து அதிகாரிகள் கருவியில் கண்ணைக் காட்டிக் கண்முத்திரை வைக்க வேண்டும். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வைக்க இடமே இல்லை. யாரும் சிபாரிசுக்கு வந்து நிற்கக் கூடாதல்லவா! அந்த விதியை எழுதியவள் சுங்க அதிகாரி பியூலா.

மரோவாத் தீவின் துறைமுக அதிகாரி திரையில் வந்தார். மொழிமாற்றி அவர் பேச்சைத் தமிழாக்கியது.

"அம்மா, உங்கள் தடைக்கு முன்பே கிளம்பிய கப்பல் அது. இங்கே ஆட்கள் மூச்சில்லாமல் கிடக்கிறார்கள்."

"சட்டம் சார். எங்க ஆளுங்களுக்கே பத்தலை."

"அப்படியானால் எங்கள் பொருளையும் பூட்டுகிறோம். எங்களுக்கு வேறு வழி இல்லை."

திரை அணைந்ததும் பியூலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதைப் பூட்டப் போறாரு, தேங்காயையா?"

மூன்றே நிமிடம். போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் செல்வமேரி.

"மேடம், எல்லா மிஷினும் நின்னுட்டு! சாருக்கு மூச்சுப் பையை வச்சுக் கையால அமுக்கிக்கிட்டு இருக்கேன். வார்டுல அறுபது பேரு, நாங்க ஏழே பேரு!"

சார் என்றால் ஜெரால்டு, பியூலாவின் கணவர். அதே நோயில் நான்கு நாளாக நினைவில்லாமல் கிடக்கிறார்.

உதவியாளர் இசக்கிராஜ் பழைய கோப்பைத் திறந்தான். "மேடம், மூச்சுப்பொறி வால்வு மரோவாவுல இருந்துதான் வருது. மருத்துவப் பட்டியல்லயே இல்ல. ரப்பர் சாமான்னு போட்டிருக்கு. உங்க கையெழுத்து."

ஐயோ! மருத்துவச் சாமானை இறக்கப் பத்து முத்திரை, ரப்பருக்கு ஒன்று. சரக்கு சீக்கிரம் வெளியே போகட்டுமே என்று ஆறு வருடத்துக்கு முன் அவளே செய்த கெட்டிக்காரத்தனம். அந்த வால்வுக்குள் மணலளவு பூட்டு இருப்பதை யார் பார்த்தார்கள்? அவள் மரோவாவை அழைத்தாள்.

"சார், திறந்துடுங்க. கெஞ்சிக் கேக்கேன்."

"எங்கள் பக்கம் ஒரே முத்திரைதான் அம்மா. நீங்கள் திறந்த மறுநொடி திறக்கிறேன்."

பியூலா திறப்புப் படிவத்தில் தன் கண்ணைக் காட்டினாள். முதல் கட்டம் பச்சையானது.

"கை ஓயுது மேடம்!" என்று போனில் செல்வமேரி அழுதாள்.

இரண்டாவது கட்டத்தில் எழுத்து ஒளிர்ந்தது: 'ஜெரால்டு, மாவட்டச் சுகாதார அதிகாரி. தயவுசெய்து கண்ணைத் திறந்து பார்க்கவும்.'