நீலமணிக் கயிறு

ஏப்ரல் எட்டு, மாலை நான்கு மணி. சமையலறைத் தரையில் ஸ்லாவ்கா இறந்து கிடந்தாள். மேஜையில் பூண்டிலை சூப், பக்கத்தில் அவள் வரைந்த நீர்வண்ணப் படம். மூலையில் அன்றைய தேதி.

"இலை மாறிப்போச்சு," என்றார் டாக்டர். காட்டுப்பூண்டு என்று நினைத்து, விஷமான கன்னிக்கண்ணீர்ச் செடியின் இலையைப் பறித்துத் தின்று சாவது அந்த மலையில் வசந்தம்தோறும் நடப்பதுதான்.

இன்ஸ்பெக்டர் கெஹாயோவாவும் அதை நம்பிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். முற்றத்துப் ப்ளம் மரம்தான் விடவில்லை. அந்த ஊர் வழக்கப்படி மார்ச் முதல் தேதி ஆளுக்கொன்றாக மணிக்கட்டில் கட்டி, முதல் பூவைக் கண்டதும் மரத்துக்கு மாற்றும் சிவப்பு வெள்ளைக் கயிறு கிளையில் ஒன்றே ஒன்று தொங்கியது. வீட்டிலோ இரண்டு பேர்.

"இலையை யார் பறிச்சது?"

"அவதான்," என்றான் கணவன் போய்கோ. "நான் காட்டுப் பக்கமே போகல மேடம்."

"உங்க கயிறு எங்க?"

"போன மாசமே மரத்துல கட்டியாச்சு. இதெல்லாமா கேப்பாங்க?"

படத்தில் ஒரு கட்டு இலை. கட்டியிருந்தது சிவப்பு வெள்ளைக் கயிறு, நுனியில் நீலமணி. மேலே, வண்ணம் தொடாமல் வெள்ளையாக விட்ட குட்டிப் பூக்கள்.

"மனசுல தோணுறதைத்தான் வரைவா," என்று அழுதாள் ஸ்லாவ்காவின் அக்கா வெலிகா. "கயிறு நல்லதுக்கு அடையாளம்னு போட்டிருப்பா."

"நீலமணியும் அடையாளமா?"

வெலிகாவின் அழுகை நின்றது. "ரெண்டு பேருக்கும் நான்தான் கயிறு முறுக்கினேன். மணி கோத்தது இவனுக்கு மட்டும்."

கெஹாயோவா திரும்பினாள். "மரத்துல தொங்குறதுல மணி இல்ல, அது அவளோடது. உன் கையில இருந்ததைக் கழட்டி இலையைக் கட்டிக் கொண்டுவந்தது நீதான், போய்கோ. அப்புறம் கயித்தை அடுப்புல போட்டிருப்பே. ஆனா இலையை நறுக்குறதுக்கு முன்னாடியே அவ வரைஞ்சிட்டா."

போய்கோவின் கண் அடுப்புப் பக்கம் போய்த் திரும்பியது.

"பாவி! அடிச்சது போதாதா?" வெலிகா கத்தினாள். "என் தங்கச்சி ஏமாந்துட்டாளே!"

"ஏமாறல," என்றாள் கெஹாயோவா, தாழ்ந்த குரலில். "காட்டுப்பூண்டுல இலைக்கு இலை தனிக் காம்பு. இதுல ஒரே தண்டுல ரெண்டு ரெண்டா வரைஞ்சிருக்கா. பூ கன்னிக்கண்ணீர்ப் பூ. அது மே மாசம்தான் பூக்கும், கட்டுல இருந்திருக்காது. மனசுலேர்ந்து போட்டது அது மட்டும்தான்."

"தெரிஞ்சேவா குடிச்சா?" என்றாள் வெலிகா.

"ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடிச்சா," என்றான் போய்கோ. குரலில் தெம்பு திரும்பியிருந்தது. அவனைப் பிடித்துக் கொடுக்கும் படம்தான் நாளை, தெரிந்தே குடித்தாள் என்பதற்குச் சாட்சியாக, அவன் வக்கீலின் கையிலும் இருக்கும்.

வெலிகா கெஹாயோவாவின் கையைப் பிடித்தாள். "அந்தப் பூவை மட்டும் அழிச்சிட முடியுமா மேடம்?"

"அது வெறும் காகிதம்மா. அழிக்க அங்க வண்ணமே இல்ல."