சிரிப்பளவி

காலையில் அம்சவேணிக்கு முதல் வேலை, தூணின் காதைத் துடைப்பது. ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் நடுவில் நிற்கும் சிரிப்பளவியின் காதில் கடல் உப்பு படிந்துவிடும். துடைத்து, சங்கிலிகளுக்கு எண்ணெய் போட்டுவிட்டு தூணின் விளக்கைப் பார்த்தாள். ஆறு நாளாக அதே சிவப்பு.

எந்தக் குடியிருப்புக்கு என்ன வசதி என்று மனிதர்கள் கூடிப் பேசிய காலம் மலையேறிவிட்டது. நகரமைப்பி என்னும் இயந்திரமே எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தது. பிள்ளைகள் சிரிக்கும் இடம் பிள்ளைகளுக்கு. ஏழு நாள் சிரிப்புச் சத்தம் கேட்காவிட்டால் அது வேறு வேலைக்குப் போய்விடும். அடுத்த குடியிருப்பின் திடல் அப்படித்தான் ஒரே நாளில் டிரோன் கிடங்கானது. அங்கே பிள்ளைகள் இப்போது மாடிப்படியில் உட்கார்ந்திருக்கின்றன. பத்தடி அறையில் வளரும் அம்சவேணியின் மகளுக்கும் ஓடியாட இந்த மண்ணை விட்டால் வேறில்லை.

ஆறு நாளுக்கு முன் மோனிஷாவின் மகன் கவின் மூளைக்காய்ச்சலில் செத்துப்போனான். நாலு வயது. கூட விளையாடியவன் போன பிறகு எந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வரும்? பெற்றவர்கள் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தார்கள். நெளிந்தன, சத்தம் வரவில்லை.

ஆறாம் நாளான அன்று மோனிஷா கீழே இறங்கி வந்தாள். மகன் ஆடிய ஊஞ்சலைக் கட்டிக்கொண்டு அழுதாள். விக்கி விக்கி, மூச்சு அறுந்து அறுந்து.

விளக்கு பச்சையானது.

மூன்றாம் மாடி பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னாக்கா இது? சிரிப்புன்னு நென்ச்சிக்கினு கீதா?"

"அதுக்கு இன்னா தெரியும்? மூச்சு துண்டு துண்டா வந்தா போதும் அதுக்கு," என்றாள் அம்சவேணி.

"சேந்தாப்ல மூணு நாள் பச்சன்னா செவப்புக் கணக்கு அழிஞ்சிடும். இன்னும் ரெண்டு நாள் பச்ச வந்தா எடம் நிக்கும்லக்கா?"

மறுநாள் மோனிஷாவின் கதவைத் தட்டியது அம்சவேணிதான். மோனிஷா வந்தாள், அழுதாள். பச்சை.

மூன்றாம் நாள் ஊஞ்சலில் உட்கார்ந்தவளுக்குக் கண் காய்ந்திருந்தது. பத்து மணிக்கு என்ன நிறமோ அதுதான் அன்றைய தீர்ப்பு. குடியிருப்பே சுற்றி நின்றது.

"வர மாட்டேங்குதுக்கா," என்றாள் மோனிஷா, தப்புச் செய்தவள்போல. "எங்க போச்சுன்னே தெர்ல. புள்ளைங்க வெளையாடட்டும்னுதான் நானும் பாக்கறேன்."

அம்சவேணி அவள் முன்னால் குந்தினாள். "மோனி, ஆஸ்பத்திரில கவின் கடசியா ஒண்ணு கேட்டான்னியே..."

"வேணாங்க்கா."

"வூட்டுக்குப் போலாமான்னு கேட்டான்ல?"

மோனிஷாவின் உடம்பு மடிந்தது. முதல் விக்கலிலேயே விளக்கு மாறியது. பிள்ளைகள் சறுக்குமரத்துக்கு ஓடின, சத்தமில்லாமல்.

அவளை அணைத்துக்கொள்ளப் பர்வீன் கையை நீட்டினாள். அம்சவேணி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பத்தாக இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.