சிவநேசன் அங்கிளின் மோட்டார்

மெய்யம்மைக்கு ரோஜாப்பூ வரைய வராது. மயில் வரையச் சொன்னால் அது கோழி மாதிரி வந்து நிற்கும். ஆனால் பழைய மோட்டார் சைக்கிளை மட்டும் அப்படியே தாளில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள்.

புது மோட்டார்கள் அவளுக்குப் பிடிக்காது. "புதுசெல்லாம் பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கிட்டு நிக்குது. உள்ள என்ன இருக்குன்னே தெரியல" என்பாள். பழைய மோட்டார் அப்படியில்லை. எஞ்சின், குழாய், ஸ்பிரிங், சங்கிலி எல்லாம் வெளியிலேயே தெரியும். ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே போகலாம். பசிகூட மறந்துபோகும்.

ஒருநாள் பள்ளியில் கடற்கரைக் காட்சி வரையச் சொன்னார்கள். மெய்யம்மை தாள் நிறைய ஒரு பழைய மோட்டாரை வரைந்து கொடுத்தாள்.

"கடல் எங்கம்மா?" என்று கேட்டார் ஆசிரியை.

"பின்னாலதான் இருக்கு டீச்சர். மோட்டார் மறைக்குது."

ஆசிரியை சிரித்துவிட்டார். மதிப்பெண் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

இவ்வளவு வரைந்தாலும் மெய்யம்மைக்கு ஒரு பெரிய ஏக்கம் இருந்தது. அவள் வரைந்த மோட்டார்கள் எல்லாம் அம்மாவின் கைப்பேசியில் பார்த்தவை. உண்மையான ஒரு பழைய மோட்டாரை அவள் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. தொட்டதும் இல்லை.

இத்தனைக்கும் அப்படி ஒன்று பக்கத்து வீட்டிலேயே இருந்தது!

கிள்ளானில் அவர்கள் குடியிருந்த தாமான் குடியிருப்பில் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு வீட்டு முற்றங்களுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். அந்த வேலிக்கு அந்தப் பக்கம், சிவநேசன் அங்கிள் வீட்டு முற்றத்தில், சாம்பல் நிறக் கான்வாஸ் போர்த்தியபடி அது நின்றது. கான்வாசுக்குக் கீழே முன்சக்கரம் மட்டும் பாதி தெரியும்.

தினமும் மாலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் மெய்யம்மை அந்தப் பாதிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"மெய்யம்மை! அந்த மிளகாய்ச் செடிக்கு நீச்சல் கத்துக் குடுக்கிறியா? போதும் லா தண்ணி!" என்று உள்ளிருந்து அம்மா கத்துவார்.

சிவநேசன் அங்கிளுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால் வாதம் வந்தது. வலது காலும் வலது கையும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சக்கர நாற்காலியில் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பார். முற்றத்துக்கு வரவே மாட்டார். அவர் படுத்த அன்று போர்த்திய கான்வாஸை யாரும் எடுக்கவில்லை. மெய்யம்மை வீட்டார் அங்கே குடிவந்ததே அதற்குச் சில நாள் கழித்துத்தான். கேட்கவும் மெய்யம்மைக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு புதன்கிழமை, அங்கிளின் மனைவி இராஜம்மா ஆன்டி வேலியோரமாகத் துணி காயப்போட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்:

"மோட்டார குடுத்துரலாம்னு சொல்லிட்டாரு. பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து ஒரு தம்பி சனிக்கிழமை லோரி கொண்டு வருது. ஓடாம நின்னா துரு புடிச்சிரும், யாராச்சும் ஓட்டட்டும்னு சொல்றாரு. சொல்லிட்டு ராத்திரி சாப்பிடவே இல்ல."

மெய்யம்மையின் கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது. அவள் கவனிக்கவில்லை. சனிக்கிழமையா? அந்தச் சக்கரத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே போய்விடுமா?

மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"அங்கிள், மோட்டார் போறதுக்குள்ள அத ஒரு தடவ வரைஞ்சிக்கட்டுமா?"

அங்கிள் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுக்கு? போன்ல ஆயிரம் படம் இருக்கும். அதப் பார்த்து வரை."

"அதெல்லாம் வேற யாரோட மோட்டாரோ, அங்கிள். நான் தெனமும் பார்க்கிறது இதத்தான். இதுலயும் பாதிச் சக்கரம்தான் தெரியும்."

அங்கிள் மெதுவாகத் திரும்பினார். "ரெண்டு வருஷமா பாதிச் சக்கரத்தையா பார்த்துக்கிட்டு இருந்த?"

"ஆமா அங்கிள்."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "ராஜம்மா, புள்ளைக்கு அந்தக் கான்வாச எடுத்து விடு."

கான்வாஸ் சரிந்து விழுந்தது. மெய்யம்மை ஒரு எட்டு முன்னால் போனாள்.

அது பி.எஸ்.ஏ. என்ற கம்பெனியின் மோட்டார். அவளுடைய அப்பா பிறப்பதற்கும் முன்னால் செய்தது. டேங்க் கருஞ்சிவப்பு நிறம். எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள். மரவள்ளிக்கிழங்கு மாதிரி நீண்டு பின்னால் போகும் புகைக்குழாய். தூசிக்கு அடியிலும் அது அழகாக இருந்தது. விரலால் டேங்கைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். ஆன்டி கொண்டுவந்து வைத்த மைலோ ஆறிப்போனது. எறும்பு கடித்தது. எதுவும் தெரியவில்லை. வெயில் இறங்குவதற்குள் படம் முடிந்தது. இதுவரை அவள் வரைந்ததில் அதுதான் சிறந்த படம். அவளுக்கே அது தெரிந்தது.

ஓடிப்போய் அங்கிளிடம் காட்டினாள்.

அவர் இடது கையால் வாங்கிப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடையில் மீதிக் காசை வாங்குகிறவர் முகம் மாதிரி இருந்தது.

"ஏதாச்சும் தப்பா இருக்கா அங்கிள்?"

"தப்பில்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு." சற்று யோசித்தார். "ஆனா எனக்கு யாரோட மோட்டாரோ மாதிரி இருக்கும்மா. ரோட்டோரம் நிக்கிறவங்கதான் அத இப்படிப் பார்ப்பாங்க. நான் எங்க பார்த்தேன்? நான்தான் எப்பவும் அது மேல உட்கார்ந்திருந்தேனே!"

மெய்யம்மை வீட்டுக்கு வந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கைப்பேசியில் அவள் பார்த்த எல்லாப் படங்களையும் நினைத்துப் பார்த்தாள். எல்லாமே பக்கவாட்டில் நிற்கும் மோட்டார்கள். ஓட்டுகிறவரின் கண்ணுக்கு மோட்டார் எப்படித் தெரியும்? அதை ஒருவருமே வரையவில்லையே!

"அம்மா, பெரிய மணிலா அட்டை ஒண்ணு வேணும்."

"பள்ளிக்கூடத்துக்கா?"

"இல்லம்மா. சிவநேசன் அங்கிளுக்கு."

வெள்ளிக்கிழமை அட்டையும் கையுமாக வந்து நின்ற மெய்யம்மையைப் பார்த்து அங்கிள் புருவத்தை உயர்த்தினார்.

"மறுபடியும் வரையப் போறியா?"

"ஆமா அங்கிள். ஆனா அதுக்கு நான் மோட்டார் மேல உட்காரணும்."

"உட்கார்ந்துக்கிட்டு மோட்டார வரைவாங்களா?"

"உட்கார்ந்தாத்தானே நீங்க பார்த்தது எனக்குத் தெரியும்!"

அங்கிள் வாசல் பக்கம் கையை மட்டும் காட்டினார்.

நல்லவேளையாக மோட்டார் நடு ஸ்டாண்டில் அசையாமல் நின்றது. ஆன்டி ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, மெய்யம்மை ஏறி உட்கார்ந்தாள். அவள் கைகள் ஹேண்டில்பாரை எட்டவில்லை. முன்னால் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. எட்டிப் பிடித்ததும் உள்ளங்கை முழுக்கச் சில்லிட்டது. கண்ணுக்கு நேரே விளக்கின் தலைமேல் வட்டமான மீட்டர். முள் பூஜ்யத்தில் தூங்கியது. அவள் முழங்கால்களுக்கு நடுவே டேங்க். ஆன்டி தூசி துடைத்திருந்ததால் அதன் பளபளப்பில் ஒரு துண்டு வானம் தெரிந்தது.

'இப்படியே போய்விட்டால் எப்படி இருக்கும்!' என்று நினைத்தாள். போக முடியாது என்று தெரிந்தும் ஹேண்டில்பாரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பிறகு நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே இருந்த அங்கிளுக்குக் கேட்கும்படி கத்தினாள்:

"அங்கிள்! இங்கேர்ந்து பார்த்தா எனக்கு எங்க வீட்டுச் சுவர்தான் தெரியுது! உங்களுக்கு என்ன தெரிஞ்சிச்சி?"

கூடத்தில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. அப்புறம் சக்கர நாற்காலி உருளும் ஓசை. சிவநேசன் அங்கிள் முற்றத்துக்கு வந்தார். ஆன்டி வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"கேரி தீவு ரோடு" என்றார் அங்கிள். "ஞாயித்துக்கிழமைன்னா அங்கதான். ரெண்டு பக்கமும் செம்பனை மரம். மேல மட்டைங்க வந்து கூடாரம் மாதிரி மூடிக்கும். வெயில் துண்டு துண்டா ரோட்டுல விழும்."

"ரோடு நேரா போகுமா?"

"கொஞ்ச தூரம் நேரா. அப்புறம் எடப்பக்கம் திரும்பும். திரும்புற எடத்துல கொரங்குங்க உட்கார்ந்திருக்கும், டோல் வசூல் பண்ற மாதிரி!"

மெய்யம்மை சிரித்துக்கொண்டே வரைந்தாள். ஹேண்டில்பார், மீட்டர், டேங்க், அதற்கப்பால் சாலை, செம்பனை மரங்கள், வெயில் துண்டுகள், வளைவில் குரங்குகள். அங்கிள் சொல்லச் சொல்லச் சாலை நீண்டுகொண்டே போனது.

ஆனால் ஹேண்டில்பார் வெறுமையாக இருந்தது. அதைப் பிடிக்க ஆளில்லை.

"அங்கிள், உங்க கை ரெண்டும் வேணும்."

அங்கிளின் முகம் சட்டென்று சுருங்கியது. அவர் வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.

மெய்யம்மை மோட்டாரிலிருந்து இறங்கினாள். வேலியோரம் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்துவந்து, நாற்காலியின் இரண்டு கைப்பிடிகள் மேலும் குறுக்காக வைத்தாள். பென்சிலைச் சீவிக்கொண்டே காத்திருந்தாள்.

அங்கிள் துடைப்பத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தன் இடது கையால் வலது கையைத் தூக்கி, துடைப்பக் கட்டையின் மேல் வைத்தார். இடது கையால் மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.

"ஏறிட்டீங்களா அங்கிள்?"

"ஏறிட்டேன். சீக்கிரம் வரை. ஆன்டி வாசல் கூட்டணும்."

மெய்யம்மை அந்தக் கைகளை அப்படியே வரைந்தாள். புடைத்த நரம்பு, பெருவிரல் நகத்திலிருந்த கறுப்பு, மோதிரம், ஒன்றையும் விடவில்லை.

சனிக்கிழமை காலையில் லோரி வந்தது. இறங்கியவர் பெயர் ஜீவன். சட்டை முழுக்கப் பழைய மோட்டார்களின் படம். பி.எஸ்.ஏ.வைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போனார். மெய்யம்மைக்கு அவரை உடனே பிடித்துப்போனது. அவள் வரைந்த முதல் படத்தைப் பார்த்து அவர் விசிலடித்தார்.

"அடுத்த மாசம் பிரிக்பீல்ட்ஸ்ல எங்க கூட்டம் இருக்கு தங்கச்சி. பழைய மோட்டாரா வந்து நிக்கும். நீ வந்து வரையணும். இதுவும் அங்க வரும்."

"வரேன் அண்ணே" என்றாள். ஆனாலும் மனசு பாரமாகவே இருந்தது.

ஜீவன் தயங்கி நின்று கேட்டார்: "அங்கிள், ஏத்துறதுக்கு முன்னால ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?"

"வேணாம் தம்பி" என்றார் அங்கிள். "அந்தச் சத்தம் கேட்டா நான் எழுந்து வந்துருவேன். உன் வீட்டுல போய் ஸ்டார்ட் பண்ணு."

பலகை போட்டு, தள்ளி ஏற்றி, கயிறு கட்டினார்கள். கடைசியாக ஒருமுறை மெய்யம்மை டேங்கைத் தொட்டாள். லோரி தெருமுனையில் திரும்பியது. முற்றம் ரொம்பப் பெரிதாகிவிட்டது போலிருந்தது. ஆன்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்க்கப் போவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். அங்கிள் நாற்காலியை மறுபடியும் கூடத்துக்கு உருட்டினார்.

மெய்யம்மை வீட்டுக்கு ஓடினாள். மணிலா அட்டையோடு திரும்பி வந்து, அங்கிளுக்கு எதிரே இருந்த சுவரில், அவர் கண்ணுக்கு நேராக அதை ஒட்டினாள்.

அங்கிள் பார்த்தார்.

அவருடைய கைகள். அவருடைய ஹேண்டில்பார். டேங்கில் ஒரு துண்டு வானம். எதிரே கேரி தீவு ரோடு, நீண்டு போய் இடப்பக்கம் திரும்பியது.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். பிறகு வாயைக் குவித்து, மெல்ல, "டுப்... டுப்... டுப்..." என்றார்.

சமையலறையிலிருந்து இராஜம்மா ஆன்டி எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கேரி தீவுக்கு. நீயும் வரியா?"

"இருங்க, அடுப்ப அணைச்சிட்டு வரேன்."

மெய்யம்மை படத்தின் முன்னாலிருந்து சட்டென்று விலகிச் சுவரோரமாக நின்றாள். மோட்டாருக்கு வழிவிட வேண்டுமல்லவா?